பதிவு எண் யார் கையில் இருக்கிறது?

2025ஆம் நிதியாண்டுக்கான அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 1 கோடியே 99 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. தேர்வானவர்கள், அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து, சுமார் 1,31,000 பேர். ஓர் ஆண்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் விசாக்களோ அதிகபட்சம் 55,000தான். ஆக, குலுக்கலில் பெயர் விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விசா கிடைக்காது என்பது முடிவு வெளியான அன்றே தெரிந்துபோன கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை வேண்டுமென்றேதான் கூடுதலாகத் தேர்வு செய்கிறது. தகுதி இல்லாமலோ, ஆவணம் கிடைக்காமலோ, பணம் புரட்ட முடியாமலோ, மனம் மாறியோ பலர் நடுவழியில் நின்றுவிடுவார்கள் என்பது அதன் நீண்டகால அனுபவம். இந்தத் திட்டத்தைப் பற்றி நாம் பேசும்போது, “அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதிர்ஷ்டத்துக்கு இதில் இருப்பது ஒரே ஒரு வேலை. கணினி எண்ணை எடுத்த கணத்தில் அது முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் தீர்மானிப்பவை, படிவத்தில் எழுதிய விவரமும் அதை நிரூபிக்கும் சான்றிதழும். எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று நினைத்துப் படிவத்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதுதான், அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவர் செய்யக்கூடிய பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

திட்டத்தின் சட்டப் பெயர் டைவர்சிட்டி விசா. 1965ல் அமெரிக்கா பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டைக் கைவிட்டு, அங்கே குடியேறிய நெருங்கிய உறவினர் உள்ளவர்களுக்கும் குறிப்பிட்ட வேலைத்திறன் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை தந்தது. இரண்டும் இல்லாதவர்களுக்கு வாசல் குறுகியது. அதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் அயர்லாந்து வம்சாவளியினர். மாசசூசெட்ஸிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிரையன் டொனெல்லியின் முயற்சியால் 1986ல் தற்காலிகத் திட்டம் ஒன்று வந்தது. யாருடைய தபால் முதலில் போய்ச் சேர்கிறதோ அவருக்கு விசா. 1990ல் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் நிரந்தரத் திட்டம் ஒன்றை உருவாக்கியது. 1995 நிதியாண்டிலிருந்து இன்றைய குலுக்கல் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்துக்காரர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய வழியில் பிற்காலத்தில் கானா, எத்தியோப்பியா, உஸ்பெகிஸ்தான், நேபாள மக்கள் பெருமளவில் நடந்தார்கள். 55,000 என்பதும் முழுதாகக் கிடைப்பதில்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மத்திய அமெரிக்க நாட்டவர் சிலருக்காக இதிலிருந்து 5,000 வரை எடுத்துக்கொள்ள இடம் தந்தது. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதில்தான் தமிழ் வாசகர்களிடையே குழப்பம் அதிகம். முந்தைய ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்டோர் மற்ற வழிகளில் குடியேறிய நாடுகள் இந்தக் குலுக்கலிலிருந்து விலக்கப்படுகின்றன. இந்தியா, சீனா, பாகிஸ்தான், வங்கதேசம், கனடா முதலியவை விலக்கப்பட்ட பட்டியலில் இருப்பவை. இலங்கை, நேபாளம், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை தகுதி பெற்ற பட்டியலில் இருந்துவந்திருக்கின்றன. ஆனால் இங்கே ‘நாடு’ என்பது பிறந்த நாடு. பாஸ்போர்ட் கொடுத்த நாடோ, இப்போது குடியிருக்கும் நாடோ அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரண்டோவில் கனடியக் குடியுரிமை பெற்றவர், கனடா விலக்கப்பட்டிருந்தாலும், இலங்கையில் பிறந்தவராக விண்ணப்பிக்கலாம். மதுரையில் பிறந்து சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. விதிவிலக்கு இரண்டு. வாழ்க்கைத்துணை தகுதியுள்ள நாட்டில் பிறந்தவர் என்றால் அவருடைய பிறந்த நாட்டைக் காட்டலாம். அப்படிச் செய்தால் இருவருக்கும் விசா கிடைக்க வேண்டும், இருவரும் சேர்ந்தே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். பெற்றோர் இருவருமே நீங்கள் பிறந்த நாட்டில் பிறக்காமலும், அந்தச் சமயத்தில் அங்கே சட்டப்படி குடியிருக்காமலும் இருந்தால், அவர்களில் ஒருவரின் பிறந்த நாட்டைக் காட்டலாம். இந்த இரண்டிலும் அடங்காத, தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரிடம் “கிரீன் கார்டு லாட்டரிக்குப் பதிந்து தருகிறேன்” என்று பணம் கேட்பவர், நடக்கவே முடியாத ஒன்றை விற்கிறார்.

அடுத்தது கல்வி. ஆரம்பப் பள்ளி முதல் 12 ஆண்டுப் படிப்பைத் தேர்ச்சியுடன் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால், குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சியோ அனுபவமோ தேவைப்படும் ஒரு தொழிலில், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்கு ஈடாகத் தேர்வெழுதிப் பெறும் சமநிலைச் சான்றிதழை ஏற்பதில்லை. இந்தத் தகுதி விண்ணப்பிக்கும்போது சோதிக்கப்படுவதில்லை, நேர்காணலில்தான் சோதிக்கப்படுகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தகுதியில்லாதவரின் விண்ணப்பத்தையும் கணினி ஏற்றுக்கொள்ளும், குலுக்கலில் எடுக்கவும் செய்யும். ஒன்றரை ஆண்டு காத்திருந்து, மருத்துவப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் செலவழித்து, தூதரகச் சாளரத்தின் முன்னால் நிற்கும்போதுதான் அவருக்கு உண்மை தெரியவரும். அங்கே கட்டிய விசாக் கட்டணம் திரும்ப வராது.

படிவம் அப்படியொன்றும் கடினமானதல்ல. பெயர், பாலினம், பிறந்த தேதி, பிறந்த ஊர், பிறந்த நாடு, படம், முகவரி, மின்னஞ்சல், கல்வி, திருமண நிலை, துணைவர், பிள்ளைகள், கேட்பது இவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பி அனுப்பிவிட வேண்டும், அனுப்பிய பிறகு திருத்த முடியாது. படம் 600க்கு 600 பிக்சல் சதுரம், 240 கிலோபைட்டுக்கு மிகாத ஜேபெக் கோப்பு, வெள்ளைப் பின்னணி, மூக்குக் கண்ணாடி கூடாது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். போன ஆண்டு அனுப்பிய அதே படத்தை மறுபடி ஏற்றினால் தகுதி இழப்புதான். தமிழர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. அப்பா பெயர் முன்னால் வருகிறது, சில இடங்களில் பின்னால் வருகிறது, பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் எப்படிப் பிரித்து அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்திலும் இருக்க வேண்டும். இதை அறியாத ஒருவர் தன் மனம்போன போக்கில் எழுத்துக்கூட்டிப் போட்டுவிட்டால், பிறகு அந்த விண்ணப்பம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஒருவர் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம்தான் போடலாம். கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று போடலாம். ஒருவரே இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது.

அதிகமானோர் சறுக்கும் இடம் குடும்ப விவரம். துணைவர் பெயரும் 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத எல்லாப் பிள்ளைகளின் பெயரும் படிவத்தில் வர வேண்டும். அவர்கள் உங்களோடு வசிக்கிறார்களா, அமெரிக்கா வரப்போகிறார்களா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. முதல் திருமணத்தில் பிறந்து தாயோடு வேறு ஊரில் வளரும் மகன், துணைவரின் முந்தைய மணத்துப் பிள்ளை, தத்தெடுத்த குழந்தை, எல்லோரும் வர வேண்டும். ஏற்கெனவே அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டாலும் முழுக் குடும்பத்தின் விசாவும் மறுக்கப்படும். இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பது நியாயம். காரணம் இந்தத் திட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. குலுக்கலில் வென்ற தனி ஆளுக்கு அவசரமாக ஒரு மனைவியையோ கணவனையோ ‘சேர்த்துவிட்டு’, அந்தப் புதுத் துணைவரின் உறவினரிடமிருந்து பெருந்தொகை வாங்குவது பல நாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அமைப்பு 2007ல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் திட்டத்தில் மோசடிக்கு உள்ள ஓட்டைகளை விரிவாக எடுத்துக்காட்டியது. விண்ணப்பித்த பிறகு உண்மையாகவே திருமணம் செய்துகொள்பவர் துணைவரைச் சேர்க்கலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்தத் திருமணத்தைத் தூதரக அதிகாரி சந்தேகக் கண்ணோடுதான் தொடங்கிப் பார்ப்பார். “சும்மா தனி ஆள் என்று போட்டுவிடுவோம், விழுந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி மனைவியை மறைத்தவர், பின்னால் உண்மையைச் சொல்லியும் மீள முடியாது.

இனி ஏஜென்ட்டுகள். விண்ணப்பம் அனுப்பியதும் திரையில் ஒரு பதிவு எண் வரும். அடுத்த மே மாதம் முடிவு வெளியாகும்போது, அந்த எண்ணையும் பெயரையும் பிறந்த ஆண்டையும் உள்ளிட்டு அரசு இணையதளத்தில் பார்ப்பதுதான் தேர்வானதை அறியும் ஒரே வழி. அமெரிக்க அரசு தேர்வானவருக்குக் கடிதம் போடுவதில்லை, மின்னஞ்சலில் வாழ்த்துச் சொல்வதில்லை, தொலைபேசியில் அழைப்பதில்லை. எண் தொலைந்தால் மீட்க வழி இருக்கிறது. அதற்கு விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் தேவை. எண்ணும் மின்னஞ்சலும் கடைக்காரரிடம் இருந்தால், உங்கள் பெயரில் விழுந்த வாய்ப்புக்கு அவரே உரிமையாளர். அவர் உங்களிடம் சொல்லாமலே இருக்கலாம். சொல்வதற்கு விலை வைக்கலாம். உங்கள் விண்ணப்பத்தோடு யாரை இணைப்பது என்று இன்னொருவரிடம் பேரம் பேசலாம். இது கற்பனைப் பயம் இல்லை. வங்கதேசம் இந்தத் திட்டத்தில் இருந்த காலத்தில், அங்கே ஒரு ஏஜென்ட் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த பெயர்களை எல்லாம் விண்ணப்பமாகப் போட்டதாகவும், வென்ற பெயர்களை மிரட்டிப் பணம் பறிக்கவோ பிறருக்கு விற்கவோ அது பயன்பட்டதாகவும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லப்பட்டிருக்கிறது. டியூக் பல்கலைக்கழக மானுடவியலாளர் சார்ல்ஸ் பியோட் 2019ல் வெளியிட்ட ‘தி ஃபிக்ஸர்’ என்ற நூல், மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் இந்தத் தரகு எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து காட்டுகிறது. வென்றவரிடம் நேர்காணலுக்கும் விமானத்துக்கும் பணம் இருக்காது. வெளிநாட்டில் வாழும் ஒருவர் பணம் போடுவார். பதிலுக்கு அவருடைய உறவினர், வென்றவரின் துணைவராகக் காகிதத்தில் இணைவார். வறுமைதான் அந்தச் சந்தையை நடத்துகிறது என்பது அந்த நூலைப் படிக்கும் யாருக்கும் புரியும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆங்கிலம் தெரியாத, கணினி இல்லாத ஒருவர் என்ன செய்வார்? நகரத்துப் படித்தவருக்கு ‘நீயே செய்’ என்பது சுலபமான அறிவுரை. மலையகத் தோட்டத்திலோ வன்னியிலோ இருப்பவருக்கு உதவி இல்லாமல் இந்தக் கதவு மூடிய கதவுதானே? உண்மைதான். தட்டச்சுக்கும் படம் ஏற்றவும் உதவி வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை. அந்த உதவிக்கும் ஒப்படைப்புக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. அனுப்பும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்னஞ்சல் உங்களுடையதாக, கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். பதிவு எண் உள்ள பக்கத்தை அச்சிட்டு வாங்கிக்கொண்டுதான் எழ வேண்டும். இவற்றுக்குச் சம்மதிக்காத கடைக்காரர் உங்களுக்கு உதவ வரவில்லை.

அமெரிக்க அரசும் இந்த ஒப்படைப்பை உடைக்க முயன்றிருக்கிறது. 2019ல், விண்ணப்பிக்கும்போதே செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின் எண்ணைத் தர வேண்டும் என்று ஒரு விதி வந்தது. முந்தைய ஆண்டு 1 கோடியே 47 லட்சமாக இருந்த விண்ணப்பங்கள் ஒரே ஆண்டில் 67 லட்சமாகச் சரிந்தன. உரிய பொதுக் கருத்துக் கேட்பு நடக்கவில்லை என்று 2022ல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்ததும், அந்த ஆண்டு இறுதியில் நடந்த பதிவில் எண்ணிக்கை 2 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. விழுந்த எண்ணிக்கையில் எவ்வளவு ஏஜென்ட்டுகள் மொத்தமாகக் குவித்தவை, எவ்வளவு பாஸ்போர்ட் எடுக்கப் பணமில்லாத ஏழைகளின் நேர்மையான விண்ணப்பங்கள் என்று பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதாது. இரண்டுமே இருந்திருக்கும். 150 பேரில் ஒருவருக்குக்கூட விழாத குலுக்கலுக்காக ஒரு கூலித் தொழிலாளியைப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்வது கடினமான நிபந்தனைதான். ஆனாலும், ஒருவர் கையில் அவருடைய அடையாள ஆவணம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெயர் திருட்டைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறுக்க முடியவில்லை. பாஸ்போர்ட் விவரம் கேட்கும் விதியை 2025ல் அமெரிக்க அரசு மறுபடியும் முன்மொழிந்தது. அதுவரை இலவசமாக இருந்த பதிவுக்கு ஒரு டாலர் கட்டணம் என்ற விதியும் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது.

தேர்வு ஆனதும் ஓட்டம் தொடங்குகிறது. தேர்வானவருக்கு வட்டாரவாரியாக ஒரு வரிசை எண் தரப்படும். இலங்கையர் ஆசிய வரிசையில் வருவார்கள். டிஎஸ்-260 என்ற விரிவான படிவத்தை இணையத்தில் நிரப்பி, கென்டக்கி மாநிலத்தில் உள்ள தூதரக மையத்துக்கு அனுப்ப வேண்டும். மாதாமாதம் வெளியாகும் விசா அறிவிப்பில் உங்கள் எண் வரை வரிசை நகர்ந்தால்தான் நேர்காணல். எண் பெரிதாக இருந்து ஆண்டுக் கடைசி வரை முறை வராமலே போகலாம். கட்டணம் ஆளுக்கு 330 டாலர். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் இதை நேர்காணலன்று தூதரகத்திலேயே கட்ட வேண்டும். முன்கூட்டி வங்கியில் போடு, பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக அனுப்பு என்று வரும் எந்தச் செய்தியும் பொய். மருத்துவப் பரிசோதனை, விமானச் சீட்டு, கிரீன் கார்டு அச்சிடும் கட்டணம் இவையெல்லாம் தனி. ஆவணங்களில் அதிகம் இழுத்தடிப்பது போலீஸ் சான்றிதழ். 16 வயதுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு வெளிநாட்டிலிருந்தும் அது தேவை. கத்தாரிலும் சவுதியிலும் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், அங்கிருந்து இதை வரவழைக்கப் படும் பாடு சிறிதல்ல. போரில் வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் இழந்த குடும்பங்கள் பிரதி எடுக்கும் வேலையை, நேர்காணல் தேதி வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

நேரம் போதாமல் போவதற்கு இங்கே மன்னிப்பே கிடையாது. நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 நள்ளிரவோடு அந்த ஆண்டின் தேர்வு செத்துவிடுகிறது. தவறு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. 2011 மே மாதம் வெளியான முடிவை, கணினி நிரலில் பிழை என்று அரசே ரத்து செய்தது. தேர்வானவர்களில் 90 விழுக்காட்டினர் பதிவின் முதல் இரண்டு நாள்களில் விண்ணப்பித்தவர்களாக இருந்ததால், அது சமவாய்ப்பே இல்லை என்றானது. ‘நீங்கள் தேர்வானீர்கள்’ என்ற செய்தியைப் பார்த்துவிட்ட 22,000 பேர் நீதிமன்றம் போயும் பலன் இல்லை. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றைக் காட்டி டிரம்ப் விசாக்களை நிறுத்தியபோது தேர்வானவர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிபதி அமித் மேத்தா அவர்களுக்காக 9,000க்கும் மேற்பட்ட விசாக்களை ஒதுக்கிவைக்க உத்தரவிட்டார். 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆண்டு முடிந்த பிறகு விசா கொடுக்கச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்த விதி அநீதியானது என்றே நான் நினைக்கிறேன். அரசின் தாமதத்துக்கு விண்ணப்பித்தவர் விலை கொடுக்கக் கூடாது. ஆனால் அது மாறும்வரை, தேர்வானவர் தன் பக்கத்துத் தாமதத்தை முழுவதுமாக நீக்கிக்கொள்வதைத் தவிர வேறு காப்பு எதுவும் இல்லை. தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது.

இந்தத் திட்டமே இப்போது நின்றிருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் லாரியை ஏற்றி எட்டுப் பேரைக் கொன்றவர் இந்தக் குலுக்கல் வழியே வந்தவர் என்று தெரிந்தபோதே இதை ஒழிக்க வேண்டும் என்றார் டிரம்ப். 2025 டிசம்பரில் பிரவுன் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டில் சந்தேகிக்கப்பட்டவரும் இதே வழியில் வந்தவர் என்று சொல்லி, திட்டத்தை நிறுத்திவைக்க அவருடைய அரசு உத்தரவிட்டது. வழக்கமாக அக்டோபரில் தொடங்கும் பதிவும் அந்த ஆண்டு தொடங்கவில்லை. இருந்தாலும் இது சட்டத்தில் எழுதப்பட்ட திட்டம். அதை நீக்க நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். 2026க்குத் தேர்வானவர்களுக்கு 2026 செப்டம்பர் 30 என்ற கெடு, நிறுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கிறது. இப்படிப்பட்ட குழப்பமான காலம்தான் தரகர்களுக்கு வசதியானது. “உள்ளே ஆள் இருக்கிறது, திறந்ததும் முதல் ஆளாகப் போட்டுத் தருகிறேன், இப்போதே முன்பணம் கொடு” என்பார்கள். முதலில் போட்டவருக்கு முன்னுரிமை என்ற நடைமுறை இந்தக் குலுக்கலில் கிடையாது. அப்படி ஒன்று தற்செயலாக நடந்த 2011லும் முடிவே ரத்தானது. இப்போது செலவிடத் தகுந்த பணம் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கும், பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்வதற்கும்தான். அமெரிக்கக் குலுக்கல் திரும்ப வந்தாலும் வராவிட்டாலும், வேறெந்த நாட்டு விசாவுக்கும் அந்தக் காகிதங்கள் தேவைப்படும்.